இரண்டாவது தடவை எரியாத அடுப்பு

வைத்தியர் வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் பறந்து போய்விடுகிற பல்வலியைப் பற்றி அறியாதவர் யாரும் இல்லை. இரவெல்லாம் தூங்க விடாமல் பிராணனை வாங்கிய வலி, வைத்தியர் "எந்தப் பல்?" என்று கேட்கும்போது எங்கே போயிற்றென்றே தெரியாது. நோயாளி அசடு வழிய நிற்பார். வைத்தியரோ, "பல் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று சொல்லி அனுப்பி விடுவார். அன்று இரவு பத்து மணிக்கு வலி மறுபடியும் வந்து சேரும்.

மனிதருக்கு மாத்திரமே உரியதென்று நாம் நினைத்துக் கொண்டிருக்கும் இந்த விசித்திர வியாதி யந்திரங்களுக்கும் உண்டு. அப்படிப்பட்ட யந்திரம் ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசித்திருக்கிறோம். அது அமெரிக்க நாட்டு வீடுகளில் எரிவாயுவைக் கொண்டு துணி உலர்த்தும் யந்திரம். சுவிட்சைத் திருப்பியதும் அது ஒழுங்காக வெந்நிறக் கனலும் நீல ஜ்வாலையுமாக ஆரம்பிக்கும். ஐந்தாறு நிமிஷம் போனதும் ஜ்வாலை அணையும். உருளை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் துணி ஈரமாகவே இருக்கும். பழுது பார்ப்பவர் வந்து ஆறிப்போன யந்திரத்தைத் திருப்பிப் பார்ப்பார். அதுவும் மறுபடி ஜோராக எரியும். "நன்றாகத்தானே இருக்கிறது?" என்று அவரும் சொல்லிவிட்டுப் போவார்.

"சூரிய பகவான் இருக்க, துணி உலர்த்த யந்திரம் எதற்கு?" என்று நேயர்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். மொட்டை மாடியும் கொடிக் கயிறும் உள்ள நமக்கு இது வேண்டாத சுமையாகத் தோன்றலாம். ஆனால் மாதக்கணக்கில் பனி உறைந்து கிடக்கும் ஊர்களில் கொடியில் போட்ட வேஷ்டி பலகை மாதிரி விறைத்துப் போகும். அது போதாதென்று, அந்நாட்டில் பல குடியிருப்புச் சங்கங்கள் வீட்டுக்கு வெளியே துணி காயப்போடக்கூடாது என்று விதியும் செய்திருக்கின்றன, பார்வைக்கு அழகாயில்லையாம்! இந்தத் தடையை எதிர்த்து, துணி காயப்போடும் உரிமையைக் காப்பதற்கென்றே ஃப்ளாரிடா, வெர்மாண்ட் முதலிய சில ராஜ்யங்களில் சட்டம் வேண்டியிருந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

நம்மவர் குடும்பங்கள் எத்தனையோ இன்று அங்கே குடியேறி வாழ்கின்றன. பேரன் பேத்திகளைப் பார்ப்பதற்காகக் கடல் கடந்து போய், ஆறு மாத காலம் தங்கி, பெண்ணும் மாப்பிள்ளையும் உத்தியோகத்துக்குப் போன பிறகு அந்த யந்திரத்தோடு தனியாக விடப்படும் பெரியவர்களும் பலர். ஆகையால் இந்த விஷயம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று தள்ளிவிட முடியாது. மேலும், இதில் நெருப்பும் விஷவாயுவும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. துணி காய்வதைவிடப் பெரிய விஷயங்கள் அவை.

* * *

முதலில் யந்திரத்தின் பூர்வோத்தரத்தைச் சிறிது தெரிந்து கொள்வோம்.

ஓட்டைகள் உள்ள உலோகப் பீப்பாயில் ஈரத்துணியைப் போட்டு, தீயின்மேல் வைத்துக் கையால் சுற்றும் கருவி ஒன்றை, சுமார் 1800-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்தில் போஷோன் என்பவர் செய்தார். துணி காய்ந்தது வாஸ்தவம். ஆனால் புகை நாற்றமும் கரியும் கூடவே வந்தன. 1892-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஓஹையோ ராஜ்யத்து டேட்டன் நகரவாசியான ஜார்ஜ் ஸாம்ப்ஸன், அடுப்பின் உஷ்ணத்தைக் கொண்டே துணி உலர்த்தும் சாதனம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் வடக்கு டக்கோட்டாவைச் சேர்ந்த ராஸ் மூர் என்பவர், கடுங்குளிரில் வெளியே போய்த் துணி உலர்த்த வேண்டிய கஷ்டத்தைப் பார்த்து, எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைக் கொட்டகையில் வைத்துச் சுற்றும் உருளையாக்கினார். அவருடைய யோசனையை விஸ்கான்ஸின் ராஜ்யத்து ஹாமில்டன் கம்பெனியார் ஏற்று, 1938-ஆம் வருஷத்தில் 'ஜூன் டே', அதாவது 'ஜூன் மாதத்து நாள்' என்ற அழகான பெயரோடு விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். வருஷம் பூராவும் வீட்டுக்குள் ஜூன் மாதத்து வெயில்! பெயர் வைத்தவர் கவிஞராகத்தான் இருக்க வேண்டும்.

இன்று அந்நாட்டில் இந்த யந்திரம் இரண்டு ஜாதி. ஒன்று முழுக்க முழுக்க மின்சாரத்தால் சூடேறுவது. மற்றொன்று, உருளையைச் சுற்றவும் காற்றை இழுக்கவும் மின்சாரத்தையும், உஷ்ணத்துக்கு எரிவாயுவையும் உபயோகிப்பது. நாம் பேசுவது இரண்டாவது ஜாதியைப் பற்றி.

இதன் உள் விவகாரம் சமையலறைக்குப் பழகியவர்களுக்கு எளிதில் விளங்கக் கூடியதே. யந்திரத்தின் அடிப்புறத்தில் படுக்கைவசமாக ஓர் அடுப்பு இருக்கிறது. விசிறி ஒன்று வெளிக்காற்றை அந்த ஜ்வாலையின் வழியாக இழுத்து, உருளைக்குள் புரளும் துணிகளின் ஊடே செலுத்தி, ஈரத்தோடும் பஞ்சுத் தூசியோடும் குழாய் மூலமாக வீட்டுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. உஷ்ணம், புரளுதல், காற்றோட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் துணி உலரும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் எவ்வளவு பாடுபட்டாலும் பலிக்காது.

அடுப்பு ஓயாமல் எரிந்து கொண்டிருப்பதில்லை என்பதை இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டும். காற்றின் உஷ்ணம் ஓர் அளவுக்கு உயர்ந்ததும் தெர்மாஸ்டாட் என்னும் உஷ்ணக் கட்டுப்பாட்டுக் கருவி ஜ்வாலையை அணைத்து விடும். காற்று சற்று ஆறியதும் மறுபடி ஏற்றும். இப்படி ஒரு தடவை துணி உலர்வதற்குள் அடுப்பு பல முறை அணைந்து பல முறை எரிகிறது. ஆகவே ஜ்வாலை அணைவது தவறு அல்ல. அணைந்தது மீண்டும் எரியாமல் போவதுதான் தவறு.

* * *

எரியாமல் போனால் என்ன நஷ்டம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்து விடலாம். வீடுகளில் உள்ள இத்தகைய அடுப்பு பெரும்பாலும் மணிக்கு 20,000 முதல் 22,000 பி.டி.யு. வரை உஷ்ணம் தரக்கூடியது; நமக்குப் பழகிய அளவில் சொன்னால் ஏறக்குறைய 6 கிலோவாட். ஒரு லிட்டர் நீரைத் துணியிலிருந்து ஆவியாக்க சுமார் 2,400 கிலோஜூல் உஷ்ணம் வேண்டும். அடுப்பு 6 நிமிஷம், அதாவது 360 விநாடி எரிந்தால் கிடைப்பது சுமார் 2,160 கிலோஜூல். அவ்வளவும் சிதறாமல் துணிக்கே போய்ச் சேர்ந்ததாக வைத்துக் கொண்டாலும், ஒரு லிட்டர் நீர்கூட முழுதாக ஆவியாகவில்லை! தோய்த்துப் பிழிந்து வந்த துணிமூட்டையில் மூன்று லிட்டர் ஈரம் இருந்தால் பாக்கி இரண்டு லிட்டருக்குமேல் அப்படியே இருக்கும். பிறகு உருளை எத்தனை நேரம் சுற்றினாலும் அது குளிர்ந்த காற்றில் துணியைப் புரட்டுவதேயன்றி வேறில்லை.

பழைய மாதிரி யந்திரங்கள் பலவற்றில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். தானாகவே நின்றுவிடும்படி திருப்பி வைத்தால், அவற்றின் கடிகாரம் தெர்மாஸ்டாட் அடுப்பை அணைத்திருக்கும் சமயங்களில்தான் நகரும். அடுப்பே எரியாதபோது உஷ்ணம் உயர்வதில்லை. உஷ்ணம் உயராததால் தெர்மாஸ்டாட் அடுப்பை அணைக்க வேண்டிய வேளையும் வருவதில்லை. ஆகவே கடிகாரம் நகர்வதில்லை. யந்திரம் நிற்காமல் சுற்றிக் கொண்டே இருக்கும். வேலை எதுவும் செய்யாதவர் வீட்டுக்கும் போகமாட்டேன் என்று ஆபீஸில் உட்கார்ந்திருப்பதைப் போல!

* * *

இனி வியாதியைக் கண்டுபிடிக்கும் வழி. இதற்கு முன், அடுப்பு பற்றிக்கொள்ளும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் காலத்து யந்திரத்தில் எப்போதும் எரியும் சிறு தீபம் கிடையாது, தீக்குச்சியும் கிடையாது. 'இக்னைட்டர்' என்று ஒரு கனல்துண்டு இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது நெருப்பு மாதிரி பழுத்துப் பிரகாசிக்கும். அதன் பக்கத்திலே ஒரு காவற்கருவி அமர்ந்து அந்த உஷ்ணத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும். கனல்துண்டு போதிய அளவு பழுத்து விட்டது என்று கண்டதும் காவற்கருவி தன் இணைப்பைத் துண்டித்து, மின்சாரத்தை வால்வின் பக்கம் திருப்பிவிடும்.

வால்வின் தலையில் இரண்டு கம்பிச் சுருள்கள் குடை போல் உட்கார்ந்திருக்கின்றன. மின்சாரம் பாயும்போது அவை காந்தமாகி உள்ளேயுள்ள அடைப்புகளைத் தூக்கிப் பிடிக்கும். இரண்டும் தூக்கினால்தான் வாயு வெளிப்படும். வெளிப்பட்ட வாயு கனலில் பட்டுக் குபீரென்று எரியும். ஜ்வாலையின் உஷ்ணமே பிறகு காவற்கருவியை அதே நிலையில் வைத்திருக்கும். ஜ்வாலை ஏதோ காரணத்தால் அணைந்தால் காவற்கருவி ஆறி, வால்வை மூடி, மறுபடி கனல்துண்டைப் பழுக்க வைக்கும். வாயு எரியாமல் வீட்டுக்குள் பரவிவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இத்தனையும் ஒரு நிமிஷத்துக்குள் நடந்து முடிகிறது.

இப்போது நம் கம்பிச் சுருள்களைப் பாருங்கள். மயிர் போன்ற மெல்லிய தாமிரக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிச் செய்தவை அவை. அடுப்புக்கு அருகிலேயே வாசம்; தங்களுக்குள் ஓடும் மின்சாரத்தாலும் சூடேறுகின்றன. வருஷக்கணக்கில் சூடேறியும் ஆறியும் வந்த சுருளில், கண்ணுக்குத் தெரியாத ஒரு முறிவு எங்கேனும் ஏற்பட்டு விடுகிறது. குளிர்ந்திருக்கும்போது முறிந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கும், மின்சாரம் ஓடும். சூடேறியதும் உலோகம் விரிந்து முனைகள் விலகும்; மின்சாரம் நின்றுவிடும். சுருள் காந்தமாவதில்லை; வால்வு திறப்பதில்லை.

முதல் தடவை ஜோராக எரிந்தது ஏன், இரண்டாவது தடவை எரியாதது ஏன் என்னும் புதிருக்கு விடை இப்போது கிடைத்து விட்டது அல்லவா? முதல் தடவை சுருள் ஆறியிருந்தது. இரண்டாவது தடவை அது சுட்டுக் கொண்டிருக்கிறது. ஆறிய யந்திரத்தைச் சோதிப்பவருக்கு வியாதி அகப்படாததற்கும் இதுவே காரணம். மின்தடையை அளக்கும் மீட்டரைக் குளிர்ந்த சுருளில் வைத்துப் பார்த்தால், அது குற்றமற்ற சுருள் என்றே பெரும்பாலும் சாட்சி சொல்லும். மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட வேளைதான் தவறு.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே. யந்திரத்தின் முதல் ஜ்வாலையைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்து எழுந்து போய்விடக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது ஜ்வாலை வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பல மாதிரிகளில் முன்புறம் கீழ்ப்பகுதியில் இதற்கென்றே சிறு மூடி ஒன்று வைத்திருக்கிறார்கள். கையை உள்ளே விடாமல், கண்ணை மட்டும் விட்டுப் பார்த்தால் போதும்.

அங்கே காணக்கூடிய காட்சிகள் சில உண்டு. கனல்துண்டு பழுக்கிறது, சிறிது நேரத்தில் மங்குகிறது, ஜ்வாலை வரவில்லை, சற்றுப் பொறுத்து மறுபடி பழுக்கிறது, மறுபடி மங்குகிறது. இப்படியே திரும்பத் திரும்ப நடந்தால் குற்றம் கம்பிச் சுருள்களுடையது என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லி விடலாம். கனல்துண்டு மங்காமல் விடாது பழுத்துக்கொண்டே இருந்து, ஜ்வாலையும் வராவிட்டால், இணைப்பைத் துண்டிக்க வேண்டிய காவற்கருவி தன் கடமையை மறந்து விட்டது என்று அர்த்தம். கனல்துண்டு ஆரம்பத்திலிருந்தே பழுக்கவில்லையானால், அதுவே முறிந்திருக்கலாம். அல்லது அதற்கு மின்சாரம் வரும் வழியில் எங்கோ தடை இருக்கலாம்.

* * *

இதுவரை சொன்னது யந்திரத்தின் இயலாமை. இனிச் சொல்லப்போவது யந்திரத்தின் மறுப்பு. இரண்டுக்கும் உள்ள பேதத்தைத் தெரிந்துகொள்வதே இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது நமது அபிப்பிராயம்.

துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசியில் பெரும்பகுதி கதவோரத்துச் சல்லடையில் தங்கும். மிகுதி காற்றோடு குழாய்க்குள் போகும். குழாய் நீளமாகவோ, பல இடங்களில் வளைந்தோ, சுவருக்கும் யந்திரத்துக்கும் நடுவே நசுங்கியோ இருந்தால் தூசி அங்கே படிந்து கெட்டியாகும். வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்து மூடியில் பறவைகள் கூடு கட்டுவதும் உண்டு. வழி அடைபட்டால் உஷ்ணக் காற்று வெளியேற முடியாமல் அடுப்பைச் சுற்றியே தேங்கும். அங்கே இன்னொரு தெர்மாஸ்டாட் காவல் இருக்கிறது. அளவு மீறி உஷ்ணம் ஏறினாலொழிய அது வாயைத் திறக்காது. ஏறிவிட்டால், உடனே அடுப்பை அணைத்துவிடும். ஆறினால் எரிய விடும். மறுபடி ஏறினால் மறுபடி அணைக்கும். ஆகவே ஜ்வாலை சிறிது நேரமே எரிந்து நெடுநேரம் அணைந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முன் சொன்ன வியாதிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. இதிலும் துணி ஈரம். இதிலும் ஒரு மணி நேரம் வீண்.

ஆனால் கையால் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஓட்டத்தின் நடுவிலே யந்திரத்தை நிறுத்திக் கதவைத் திறந்து பாருங்கள். துணி ஈரமாகவும் சில்லென்றும் இருந்தால், அடுப்பு எரிய இயலாமல் இருக்கிறது; கம்பிச் சுருள்களைச் சந்தேகிக்கலாம். துணி ஈரமாக இருந்தும் சுடச்சுட, இட்லிப் பானையைத் திறந்தாற்போல் ஆவி முகத்தில் அடித்தால், யந்திரத்தின் மேற்பலகையும் கை வைக்க முடியாதபடி காய்ந்தால், குழாயில் அடைப்பு. வெளிச்சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்தால், காற்றின் வேகத்தில் நன்றாகத் திறந்து ஆட வேண்டிய மூடி, அரைத் தூக்கத்தில் இருப்பவர் கண்ணிமை போல் இலேசாக அசைந்து கொண்டிருக்கும்.

இந்த இரண்டாவது சந்தர்ப்பத்தில் யந்திரத்தை வைவது நியாயமல்ல. அது வேலை செய்ய மறுப்பது நம்மைக் காப்பாற்றுவதற்காகவே. ஆயினும் அவசரக்காரர் சிலர், "இந்த தெர்மாஸ்டாட்டால்தானே தொல்லை?" என்று அதன் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து விடுகிறார்கள். அடுப்பும் உடனே எரிய ஆரம்பிக்கிறது. வீட்டில் எல்லோரும் அவருடைய சாமர்த்தியத்தைப் புகழ்கிறார்கள். திருடன் வருகிறான் என்று கூவிய காவற்காரனின் வாயைத் துணியால் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? குழாய்க்குள் அடைந்து கிடக்கும் பஞ்சைவிடச் சுலபமாகத் தீப்பற்றக் கூடிய வஸ்து ஏது?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2008 முதல் 2010 வரையுள்ள வருஷங்களை ஆராய்ந்து அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தார் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டு வீடுகளில் துணி உலர்த்தும் யந்திரங்களால் வருஷந்தோறும் சுமார் 2,900 தீ விபத்துக்கள் நேர்ந்தன. அவற்றில் வருஷத்துக்குச் சுமார் 5 பேர் மாண்டனர். 100 பேர் காயமடைந்தனர். 3 கோடியே 50 லட்சம் டாலர் பெறுமான சொத்து நாசமாயிற்று. காரணங்களில் முதலிடம் பெற்றது எது தெரியுமா? சுத்தம் செய்யத் தவறியது! நூற்றுக்கு 34 விபத்துக்கள் அதனால் நேர்ந்தவை. விபத்துக்கள் மிகுதியாக நேர்ந்த மாதம் ஜனவரி. கொடியில் துணி போட வழியில்லாமல் எல்லோரும் யந்திரத்தையே நம்பியிருக்கும் மாதம் அது.

எரிவாயு யந்திரத்தில் நெருப்போடு இன்னோர் அபாயமும் சேர்ந்திருக்கிறது. ஜ்வாலை எரிந்த காற்று அந்தக் குழாய் வழியாகவேதான் வெளியே போகவேண்டும். குழாய் அடைபட்டாலும், கழன்று விழுந்தாலும், கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு வீட்டுக்குள்ளேயே தங்கக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிரையே குடிக்க வல்லது. குளிர்காலத்தில் வீடு கதகதப்பாக இருக்கட்டும் என்று குழாயைக் கழற்றி உஷ்ணக் காற்றை அறைக்குள்ளே விட்டுக் கொள்வது, எரிவாயு யந்திரத்தைப் பொறுத்தவரை தற்கொலைக்கு ஒப்பானது. இந்த வாயுவைக் கண்டு கூவும் எச்சரிக்கைக் கருவி ஒன்று அத்தகைய வீடுகளில் அவசியம் இருக்கவேண்டும்.

* * *

வியாதி தெரிந்தபின் சிகிச்சை எளிது. கம்பிச் சுருள்கள்தான் குற்றவாளி என்றால், புதிய யந்திரத்தின் விலையில் மிகச் சிறு பகுதிக்குப் புதிய சுருள்கள் கிடைக்கும். அவை வால்வின் வெளிப்புறத்தில், மேலே உட்கார்ந்திருப்பதால், வாயு செல்லும் பாதையைத் திறக்காமலே மாற்றி விடலாம். மின்சாரச் செருகியைப் பிடுங்குவதும், எரிவாயுக் குழாயின் திருகை மூடுவதும், யந்திரம் ஆறும்வரை பொறுப்பதும் முதற் காரியங்கள். பிறகு சுருள்களை அழுத்திப் பிடித்திருக்கும் தகட்டின் திருகாணிகளைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதை வைக்கவேண்டியதுதான். இரண்டு சுருள்களையும் ஒரே சமயத்தில் மாற்றி விடுவது நல்லது. ஒன்றாகவே பிறந்து ஒரே அடுப்பின் பக்கத்தில் வளர்ந்த இரட்டையரில் ஒன்று தளர்ந்தால் மற்றது எத்தனை நாள் தாங்கும்? வால்வையே மாற்றுவதோ, வாயுக் குழாயை அவிழ்ப்பதோ தேவைப்பட்டால், அது பயிற்சி பெற்றவரின் வேலை. வீட்டுக்காரர் அதில் கை வைக்கக் கூடாது. எரிவாயு நாற்றம் வீசினால், எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து எரிவாயுக் கம்பெனிக்குச் சொல்லவேண்டும்.

குழாய்தான் குற்றவாளி என்றால் சிகிச்சை இன்னும் எளிது. செலவு ஒரு துடைப்பம். ஒவ்வொரு தடவையும் சல்லடையைச் சுத்தம் செய்ய வேண்டும். குழாயை வருஷத்துக்கு ஒரு முறையாவது கழற்றிப் பஞ்சை அகற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயும், அகார்டியன் போல் மடிப்பு மடிப்பாக உள்ள மெல்லிய தகட்டுக் குழாயும் பஞ்சைப் பிடித்து வைத்துக் கொள்ளும். 4 அங்குல விட்டமுள்ள வழவழப்பான உலோகக் குழாயே சிலாக்கியம். எவ்வளவு குட்டையாகவும் நேராகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வேலை முடிந்ததும் குழாயை இறுகப் பொருத்தி, பிறகுதான் யந்திரத்தை ஓட்டவேண்டும்.

இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது குறை ஒன்று உண்டு. அடுப்பு அணைவதோடு யந்திரமே சீக்கிரம் நின்றுவிடும், "துணி காய்ந்துவிட்டது" என்று மணியும் அடிக்கும், திறந்தால் ஈரம்! ஈரத்தை உணரும் யந்திரங்களில் உருளையின் முன்பக்கத்திலே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி அவற்றின்மேல் உராயும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறு மின்சாரம் பாயும். அதைக் கொண்டு யந்திரம் ஈரத்தை அறிகிறது. துணி மிருதுவாகவும் வாசனையாகவும் இருப்பதற்காகப் போடும் மெழுகுத் தாள்களின் பூச்சு அந்தப் பட்டைகளில் படிந்துவிட்டால் மின்சாரம் பாயாது. யந்திரம் ஏமாந்து போகும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் பட்டைகளைத் துடைத்தால் யந்திரத்துக்கு ஞானம் திரும்பிவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சொந்தக்காரரிடமோ, பழுது பார்ப்பவரிடமோ புகார் செய்யும்போதும் இந்த ஞானம் பயன்படும். "மிஷின் காயவில்லை" என்று மொட்டையாகச் சொன்னால், அவர் வந்து ஆறிய யந்திரத்தைத் திருப்பி, முதல் ஜ்வாலையைப் பார்த்துவிட்டுப் போவார். வந்த கூலியையும் வாங்கிக்கொள்வார். அதைவிட, "முதலில் எரிகிறது, ஆறு நிமிஷத்தில் அணைகிறது, பிறகு கனல் பழுத்துப் பழுத்து மங்குகிறது, ஜ்வாலை வரவில்லை, துணி சில்லென்று இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பாதி வைத்தியம் அப்போதே முடிந்துவிடும். அவர் வருவதற்கு அரைமணி முன்னதாக யந்திரத்தை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் மீதிப் பாதியும் முடிந்த மாதிரிதான். நோய் வெளிப்படும் வேளையில் வைத்தியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

யந்திரம் முரண்டு பண்ணும்போது, இது இயலாமல் நிற்கிறதா, வேண்டுமென்று மறுத்து நிற்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. இயலாமல் நின்றால் உதவி செய்யலாம். மறுத்து நின்றால், அது எதைக் கண்டு மறுக்கிறது என்று சுவருக்கு வெளியே போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும்.